கஞ்சாச் செடியின் மருந்து: ஒரு நோயாளியின் கோரிக்கை

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

 

கடந்த ஆறு ஆண்டுகளாக நான் நாற்காலியில் அமர்ந்துதான் தொழுகிறேன். என் நெற்றி ஸஜ்தாவில் தரையைத் தொட்டு ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளின் மேலுறையை உடலின் நோய் எதிர்ப்பாற்றலே அரித்துவிடும் ‘மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்’ என்னும் நோய் எனக்கு. இந்நோயாளிகளுள் பலருக்கு வரும் தசை இறுக்கம் எனக்கும் வந்தது. பகலில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். இரவில், இஷா தொழுது படுத்தபின், இரு கால்களும் தாமாகவே முறுக்கிக்கொண்டு கட்டைபோல் விறைத்துவிடும். மனைவி எழுந்து வந்து முழங்காலை மெல்ல மடக்கிவிட வேண்டும். சற்று நேரத்தில் மறுபடியும் அதே நிலை. பிள்ளைச்சாவடியில் கடல் எங்கள் வீட்டுக்கு அருகில் இருக்கிறது (ஆண்டுதோறும் கரையை அரித்துக்கொண்டு இன்னும் அருகில் வருகிறது என்பது வேறு கவலை). அந்த அலையோசையைக் கேட்டபடி ஸுப்ஹு நேரம் வரை விழித்திருந்த இரவுகளுக்குக் கணக்கில்லை.

இந்த இறுக்கத்திற்குப் பேக்ளோஃபென், டிசானிடின் என்னும் இரு மாத்திரைகளை மருத்துவர்கள் வழக்கமாக எழுதித் தருகிறார்கள். இரண்டையும் உண்டிருக்கிறேன். அளவைக் கூட்டினால் இறுக்கம் தளர்கிறது. கூடவே தலை கிறங்குகிறது, நாக்கு குழறுகிறது, எத்தனையாவது ரக்அத்தில் இருக்கிறேன் என்பதே மறந்துவிடுகிறது. அளவைக் குறைத்தால் கால் விறைக்கிறது. என் அறிவை மயக்கும் இந்த மாத்திரைகள் ஹலாலா ஹராமா என்று இன்றுவரை ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. கேட்கவேண்டும் என்று நானும் சொல்லவில்லை. மருத்துவர் எழுதிய மருந்து என்ற ஒரே காரணத்தால் அந்தக் கேள்வியே எழவில்லை என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன்.

சென்ற ஆண்டு ஒரு நரம்பியல் மருத்துவர், “வெளிநாட்டில் இதற்கு ஒரு வாய்த்தெளிப்பு மருந்து இருக்கிறது, நான் அதை எழுதிக்கொடுக்க வழியில்லை” என்றார். ‘சாட்டிவெக்ஸ்’ என்பது அதன் வணிகப் பெயர். கஞ்சாச் செடியின் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த இரு பொருள்கள் ஏறத்தாழச் சம அளவில் அதில் உள்ளன. ஒன்று டிஎச்சி; போதை தருவது அதுவே. மற்றொன்று சிபிடி, அதற்குப் போதை தரும் தன்மை இல்லை. பிரிட்டன் 2010ஆம் ஆண்டிலேயே இம்மருந்தை மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளின் தசை இறுக்கத்திற்கென அனுமதித்தது. மற்ற மருந்துகள் பயன்தராதவர்களுக்கு நான்கு வாரம் கொடுத்துப் பார்க்கிறார்கள். குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு முன்னேற்றமேனும் தெரியாவிட்டால் நிறுத்திவிடுகிறார்கள். இது நோயைக் குணப்படுத்தும் மருந்தன்று; எல்லோருக்கும் பயன்படுவதுமன்று. எனக்குப் பயன்படுமா என்பதை அந்த நான்கு வாரங்கள்தாம் சொல்லும். அந்த நான்கு வாரங்களைத்தான் நான் கேட்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, கோட்டக்குப்பத்தில் ஜும்ஆ முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தபோது, ஹஜ்ரத் அவர்களிடம் இதைக் கேட்டேன். “எந்தச் செடி என்றீர்கள்?” என்றார். “கஞ்சா” என்றேன். அருகில் நின்றிருந்த ஒருவர் “அஸ்தஃபிருல்லாஹ்” என்று சொல்லி இரண்டடி தள்ளிப் போனார். ஹஜ்ரத் தள்ளிப் போகவில்லை. என் நாற்காலிக்கு அருகில் அமர்ந்தார். “உங்களுக்குத் தெரிந்ததை எழுதிக் கொண்டுவாருங்கள், பார்க்கிறேன்” என்றார். இக்கட்டுரை அப்படித்தான் தொடங்கியது.

தள்ளிப் போன அந்தச் சகோதரர்மீது எனக்கு வருத்தமில்லை. நம் பிள்ளைகள் சிலர் கஞ்சாப் பொட்டலத்துடன் பிடிபட்டதைக் கண்டவர்கள் நாம். ஒரு தாய் காவல் நிலைய வாசலில் துப்பட்டியால் முகத்தை மூடி அமர்ந்திருந்ததை நானும் பார்த்திருக்கிறேன். அந்த வெறுப்பு நம் ஈமானிலிருந்து வருவது; அது நம்மிடம் இருக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த வெறுப்பைப் படுக்கையில் கிடக்கும் நோயாளியின்மீது திருப்புவது முறையா என்பதே என் கேள்வி.

மார்க்கம் என்ன சொல்கிறது? போதை தரும் ஒவ்வொன்றும் விலக்கப்பட்டது என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. மதுவை மருந்தாகப் பயன்படுத்தலாமா என்று கேட்ட நபித்தோழருக்கு, அது மருந்தன்று, நோய் என்று நபி (ஸல்) அவர்கள் விடையளித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. இதை மறைத்துவிட்டு வாதாடுவது நேர்மையாகாது. மறுபுறம், நிர்ப்பந்தத்தில் இருப்பவருக்கு, அவர் வரம்பு மீறாதவரை, விலக்கப்பட்டதும் குற்றமாகாது என்பது குர்ஆன் பல இடங்களில் காட்டும் சலுகை. இவ்விரண்டையும் வைத்துத்தான் நம் இமாம்கள் ஆராய்ந்தார்கள். அழுகிய கையை வெட்டியெடுக்க நோயாளியின் அறிவை மயக்கவேண்டிய நிலை வந்தால் அது கூடுமா என்ற கேள்வியை இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ‘ரவ்ழத்துத் தாலிபீன்’ நூலில் எடுத்துக்கொண்டு, கூடும் என்பதே மிகச் சரியான கருத்து என்று முடிவு சொல்கிறார்கள். மதுவையும் மயக்கம் தரும் செடிகளையும் ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர்கள் ஒரே தட்டில் வைக்கவில்லை. மது அசுத்தமும்கூட, செடி அசுத்தமன்று, போதைக்காக உண்பதே ஹராம் என்று பிரித்துப் பேசினார்கள். ஹனஃபீ அறிஞர்களிலும் ஒரு சாரார், நம்பிக்கைக்குரிய மருத்துவர் சொல்லி, அதற்கு ஈடான ஆகுமான மருந்து இல்லாதபோது இடம் தருகிறார்கள். நான் மார்க்கத் தீர்ப்பு வழங்கத் தகுதியற்றவன். இக்கேள்விக்கு நம் நூல்களில் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே இடம் இருந்தது, அதைக் கேட்பதே பாவம் என்று அவர்கள் கருதவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். அல்லாஹு அஃலம்.

எச்சரிக்கையும் அதே நூல்களில் இருக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் இப்னுல் பத்ரீ என்பவர் எழுதிவைத்த செய்தி ஒன்று உண்டு. பக்தாதில் கலீஃபாவின் அவையைச் சேர்ந்த உயர் அலுவலர் ஒருவரின் மகனுக்குக் காக்காய்வலிப்பு. ஒரு கவிஞர் அவனுக்குக் கஞ்சாப் பிசினைக் கொடுத்தார், வலிப்பு நின்றுவிட்டது. ஆனால் அதன்பின் அவனால் அது இல்லாமல் இருக்க முடியவில்லை. அளவும் கண்காணிப்பும் இல்லாத மருந்து என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று எனக்குக் கிடைக்கவில்லை. இன்றோ, வலிப்புக்கென அதே செடியிலிருந்து போதைப் பகுதியை நீக்கிச் சிபிடியை மட்டும் பிரித்தெடுத்த ‘எபிடியோலெக்ஸ்’ என்னும் மருந்தை அமெரிக்க அரசு 2018 ஜூனில் அனுமதித்தது. குழந்தைகளைத் தாக்கும் இரு கடும் வலிப்பு நோய்களுக்கென அப்போது அது அனுமதிக்கப்பட்டது. அந்தக் கதைக்கும் இந்த மருந்துக்கும் இடையில் இருப்பது ஆய்வகம், மருந்தளவு, மருத்துவர், இரத்தப் பரிசோதனை.

நம் நாட்டுச் சட்டத்திற்கு வருவோம். போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985ஆம் ஆண்டில் வந்தது. இச்சட்டம் கஞ்சாவை முற்றாகத் தடைசெய்கிறது என்றே நம்மில் பெரும்பாலோர் எண்ணுகிறோம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். படித்துப் பார்த்தால், அதன் எட்டாம் பிரிவு எல்லாவற்றையும் தடுத்துவிட்டு, மருத்துவத்திற்கும் அறிவியலுக்கும் விதிகளின்படி பயன்படுத்துவதை மட்டும் விலக்கி வைத்திருக்கிறது. அது மட்டுமன்று, கஞ்சாவின் சாறு, வடிநீர் ஆகியவற்றுக்கு ‘மருத்துவக் கஞ்சா’ என்ற பெயரையே அச்சட்டம் சூட்டி, இரண்டாம் பிரிவில் விளக்கமும் தந்திருக்கிறது. சட்டத்தில் பெயர் இருக்கிறது. மருந்துக் கடையில் பொருள் இல்லை. 2020 டிசம்பர் 2 அன்று ஐ.நா.வின் போதைப்பொருள் ஆணையத்தில், மருத்துவப் பயன் அரிதான மிக அபாயப் பொருள்களின் பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்கும் தீர்மானம் 27க்கு 25 என்ற வாக்குகளில் நிறைவேறியபோது, ஆதரித்து வாக்களித்த நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. வியன்னாவில் அளித்த அந்த வாக்கு பிள்ளைச்சாவடிக்கு இன்னும் வந்துசேரவில்லை.

எங்கள் ஊரின் அமைப்பையும் இங்கே சொல்ல வேண்டும். பிள்ளைச்சாவடியும் காலாப்பட்டும் புதுச்சேரி ஆட்சிப் பகுதி. புதுச்சேரி நகருக்குப் போகும் வழியிலுள்ள பொம்மையார்பாளையம், பெரியமுதலியார்சாவடி, கோட்டக்குப்பம் ஆகியவை தமிழ்நாடு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் அரைமணி நேரப் பயணத்தில் இரு முறை ஆட்சி எல்லையைக் கடக்கிறோம். இச்சட்டத்தின்படி, மருத்துவக் கஞ்சா போன்ற பொருளை வைத்திருப்பது, ஓர் ஆட்சிப் பகுதியிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துச் செல்வது, விற்பது எல்லாம் அந்தந்த மாநில விதிகளுக்கு உட்பட்டவை. நாளை புதுச்சேரியில் ஒரு மருத்துவர் எனக்கு அதைக் கொடுத்தாலும், வீடு திரும்பும் வழியில் கோட்டக்குப்பத்தில் நான் குற்றவாளி ஆகக்கூடும். இதே சாலையின் எல்லைகளில் மதுக்கடைகளுக்கு மட்டும் குறைவில்லை. அறிவைக் கெடுப்பதற்கென்றே காய்ச்சப்படுவதை வாங்க மருந்துச் சீட்டு தேவையில்லை.

எல்லையைக் கடக்கும் இந்தச் சிக்கலைச் சிலர் வென்றும் காட்டியிருக்கிறார்கள். மார்ஃபின் கதை அது. அபினிலிருந்து எடுக்கப்படும் மார்ஃபின், புற்றுநோயின் கடும் வலிக்கு உலகம் அறிந்த மருந்து. அபினை முறையாகப் பயிரிட்டு உலகுக்கு ஏற்றுமதி செய்யும் நாடு நம்முடையது. ஆயினும் 1985ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப்பின் உரிமத்திற்குமேல் உரிமம் வேண்டியிருந்ததாலும், கடுந்தண்டனைக்கு அஞ்சியும், மருத்துவமனைகள் மார்ஃபினை வாங்குவதையே கைவிட்டன. 1997ஆம் ஆண்டில் இத்தனை கோடி மக்களுக்கும் சேர்த்து நாடு பயன்படுத்திய மார்ஃபின் 18 கிலோ. எத்தனை தாய்மார்களும் தந்தைமார்களும் வலியில் கதறியபடி ரூஹைப் பிரிந்தார்கள் என்பதற்குப் பதிவேடு இல்லை.

கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993ஆம் ஆண்டில் வலிநிவாரண மையத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான டாக்டர் எம்.ஆர். இராஜகோபாலும் அவரோடு நின்றவர்களும் இருபதாண்டுகள் அரசு அலுவலகங்களின் படியேறினார்கள். மார்ஃபினை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் அது தெருவுக்குப் போய்விடும் என்று அவர்களிடமும் சொன்னார்கள். அவர்கள் கோபப்படவில்லை, கணக்கெடுத்தார்கள். கோழிக்கோட்டில் இரண்டு ஆண்டுகளில் மார்ஃபின் பெற்று வீட்டிலேயே உட்கொண்ட 1,723 நோயாளிகளில் ஒருவரிடமிருந்தும் மருந்து வெளியே போகவில்லை என்ற ஆய்வை 2001ஆம் ஆண்டில் ‘லான்செட்’ இதழ் வெளியிட்டது. முடிவில் 2014ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. ‘அத்தியாவசியப் போதை மருந்துகள்’ என்ற புதிய வகை பிறந்தது. அவ்வகையில் சேர்ந்த மருந்துக்கு நாடு முழுவதும் ஒரே விதி. அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைக்கு ஒரே உரிமம். 2015ஆம் ஆண்டில் மார்ஃபின் உட்பட ஆறு மருந்துகள் அதில் சேர்க்கப்பட்டன. கஞ்சாவிலிருந்து எடுத்த மருந்து எதுவும் அவற்றில் இல்லை.

இந்த வகையில் இன்னொரு மருந்தைச் சேர்க்கப் புதிய சட்டம் தேவையில்லை. மத்திய அரசின் ஓர் அறிவிக்கை போதும். அதோடு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அம்மருந்தை ஆராய்ந்து பதிவு செய்ய வேண்டும். என் கோரிக்கை இவ்வளவே: உலகின் பிற நாடுகளில் ஆய்வுக்குட்பட்டு ஒப்புதல் பெற்ற மருந்துகள் மட்டும், குறிப்பிட்ட நோய்களுக்கு மட்டும், சிறப்பு மருத்துவரின் சீட்டுக்கு மட்டும். புகைப்பதற்கு அனுமதி கேட்கும் இயக்கங்களும் நாட்டில் இருக்கின்றன. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. என் வழக்கை அவர்கள் வழக்கோடு சேர்த்துவிடுகிறார்களே என்ற வருத்தமும் உண்டு.

“கதவைத் திறந்தால் எல்லாரும் நுழைவார்கள்” என்று சொல்லும் சகோதரர்களுக்கு ஒன்று: கதவு இப்போதும் திறந்துதான் கிடக்கிறது, வேறு பக்கமாக. என் நோயைக் கேள்விப்பட்டு, கடற்கரையில் பொட்டலம் வாங்கித் தருவதாக ஒரு பையன் வந்தான். பிள்ளையின் வயதுதான், திட்டி அனுப்பினேன். பின்னர் ஒரு நண்பர் இணையத்தில் ‘விஜயா’ எண்ணெய் கிடைக்கிறது என்றார். கஞ்சா இலைக்கு ஆயுர்வேதம் வைத்த பெயர் விஜயா. இலை மட்டும் தனியாக இருந்தால் சட்டம் அதைக் கஞ்சா என்று கொள்வதில்லை. மருத்துவக் கண்காணிப்பில் மட்டும் உட்கொள்ள வேண்டிய சரக்கு அது. எனக்கு வந்த புட்டியின் விலை ஒரு மாத வீட்டுச் செலவுக்கு நிகர். உள்ளே டிஎச்சி எவ்வளவு, சிபிடி எவ்வளவு என்று மேலே ஒரு சொல் இல்லை. தொலைபேசியில் பேசிய ‘ஆலோசகர்’ நான் வேறு என்ன மாத்திரை உண்கிறேன் என்று கேட்கவேயில்லை. சிபிடி சில வலிப்பு மாத்திரைகளோடு சேர்ந்து ஈரலைப் பாதிக்கலாம் என்பதை நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தப் புட்டி இன்னும் திறக்காமல் அலமாரியில் இருக்கிறது. தேவையுள்ளவனுக்கு நேர்வழியை அடைத்தால் அவன் போய்ச் சேருமிடம் இத்தகைய வியாபாரியின் வாசல்தான்.

முஸ்லிம் நாடுகளிலும் இது பேசப்படுகிறது. 2018ஆம் ஆண்டில் மலேசியாவில், கஞ்சா எண்ணெய் வைத்திருந்த ஓர் இளைஞருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. நோயாளிகளுக்காகவே அதை வைத்திருந்ததாக அவர் கூறியிருந்தார். அன்றைய பிரதமர் மஹாதீர் முஹம்மதே அச்சட்டத்தை மறுஆய்வு செய்ய வேண்டும் என்றார். 2021 நவம்பரில் அந்நாட்டுச் சுகாதார அமைச்சர், முறையாகப் பதிவுபெற்ற கஞ்சா மருந்துகளை மருத்துவர் கொடுப்பதற்கு நடப்பிலுள்ள சட்டமே இடம் தருகிறது என்று தெளிவுபடுத்தினார். லெபனான் 2020ஆம் ஆண்டிலும் மொராக்கோ 2021ஆம் ஆண்டிலும் மருத்துவத்திற்கான பயிரைச் சட்டத்திற்குள் கொண்டுவந்தன.

பிரிட்டனின் அனுபவம் இன்னொரு பாடம். 2018 ஜூனில், வலிப்பு நோயுள்ள பன்னிரண்டு வயது மகனுக்காக ஒரு தாய் கொண்டுவந்த கஞ்சா எண்ணெயை இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் பறிமுதல் செய்தார்கள். சில நாள்களில் சிறுவன் வலிப்பு முற்றி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டான். பாகிஸ்தானிலிருந்து குடியேறிய ஒரு பேருந்து ஓட்டுநரின் மகனான உள்துறை அமைச்சர் சாஜித் ஜாவித் அவசர அனுமதி வழங்கினார். அவ்வாண்டு நவம்பர் முதல் நாளிலிருந்து சிறப்பு மருத்துவர்கள் இம்மருந்துகளை எழுதலாம் என்று விதி மாறியது. மாறியபின்னும் அரசு மருத்துவமனைகளில் உரிமம் பெறாத அவ்வகை எண்ணெய்களை எழுதிக்கொடுத்த மருத்துவர்கள் மிகச் சிலரே. பணம் உள்ளவர்கள் தனியாரிடம் போனார்கள். சட்டத்தோடு சேர்த்து மருத்துவர்களையும் ஆயத்தப்படுத்தாவிட்டால் ஏழைக்கு எதுவும் கிடைப்பதில்லை.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் பல. நம் ஜமாஅத்திலும் இருக்கிறார்கள். 2021 மார்ச் 26 அன்று பிரான்ஸ் அரசு மருத்துவக் கஞ்சாவை மூவாயிரம் நோயாளிகள் வரை கொடுத்துப் பார்க்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதற்குத் தேர்ந்தெடுத்த ஐந்து நிலைகளுள் ஒன்று, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளின் வலிமிகுந்த தசை இறுக்கம். என் பாட்டனார் காலத்தில் பிரெஞ்சுக் குடியுரிமையா இந்தியக் குடியுரிமையா என்று தெரிவு செய்யும் வாய்ப்பு வந்தபோது அவர் இந்தியாவைத் தெரிவு செய்தார். அல்ஹம்துலில்லாஹ், அதில் எனக்குப் பெருமையே. கால் விறைக்கும் இரவுகளில் மட்டும் அந்த நினைப்பு வேறு விதமாக வருகிறது.

புதுச்சேரி நலவாழ்வுத் துறைக்கும் மத்திய அரசுக்கும் விண்ணப்பங்கள் எழுதியிருக்கிறேன். இதே நோயுள்ளவர்களும், வலிப்புள்ள குழந்தைகளின் பெற்றோரும் தங்கள் மருத்துவரின் சான்றோடு எழுத முன்வந்தால் நல்லது. ஒருவன் எழுதும் கடிதத்தைவிட நூறு பேர் எழுதுவது படிக்கப்படும். ஜமாஅத்துப் பெரியவர்களிடம் நான் கேட்பது பணமோ பரிந்துரையோ அன்று. இந்தப் பேச்சை எடுக்கும் நோயாளியிடமிருந்து இரண்டடி தள்ளிப் போகாமல் இருந்தால் போதும்.

சென்ற வெள்ளிக்கிழமை ஹஜ்ரத் அவர்களைப் பார்த்தேன். அம்மருந்தோடு நோயாளிகளுக்குத் தரப்படும் விளக்கத்தாளைத் தமிழில் படிக்க விரும்புவதாகச் சொன்னார்கள். வேறு இரு ஆலிம்களிடமும் காட்டிக் கலந்துபேசப் போகிறார்களாம். இரண்டு பக்கங்களை மொழிபெயர்த்துவிட்டேன். பக்கவிளைவுகள் பகுதி மீதி இருக்கிறது. அதில் எதையும் விட்டுவிடாமல் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். இன்ஷா அல்லாஹ், வரும் ஜும்ஆவுக்குள் முடித்துவிடுவேன்.

வஸ்ஸலாம்.